ஆர்க்டிக் காற்றில் சோபாவின் ரசாயனம் எப்படி வந்தது?

தொழிற்சாலையே இல்லாத துருவக் காற்றில் தீத்தடுப்பு ரசாயனங்கள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சோபா, டிவி, கேபிள் போன்ற வீட்டுச் சாமான்களிலிருந்துதான். தீப்பிடிப்பதைத் தடுக்கவும் பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கவும் சேர்க்கும் இவற்றில் பல, பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை, வெறுமனே கலந்திருக்கின்றன. பஜ்ஜி எண்ணெய் காகிதத்தில் ஊறுவதுபோல மெல்லக் கசியும். பிறகு வெப்பத்தில் ஆவியாகி, குளிரில் படிந்து, மறுபடி எழுந்து, தத்துக்கிளிபோல வடக்கே போய்ச் சேரும்.

வேடிக்கை மாற்று ரசாயனத்தில்தான் இருக்கிறது. பிபிடிஇ (PBDE) என்ற, புரோமின் கொண்ட பழைய தீத்தடுப்பு ரசாயனக் கலவைகளை, எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இலும், அவற்றில் டெகா என்ற வகையை 2017-இலும் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த இடத்துக்கு ஆர்கனோபாஸ்பேட் எஸ்டர்கள் என்ற, பாஸ்பரஸ் கொண்ட ரசாயனங்கள் வந்தன. காற்றில் சில மணி நேரத்திலேயே சிதையும், தூரம் போகாது என்றன கணினிக் கணக்குகள். ஆனால் நுண்துகளில் ஒட்டிக்கொண்டால் சிதைவு மந்தமாகிவிடுகிறது. விளைவு, நார்வேயின் ஸ்வால்பார்டிலும் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலும் அளந்தபோது இவை பழைய பிபிடிஇ-க்களைவிடப் பல மடங்கு அதிகம்!

எல்லாமே தொலைவிலிருந்து வந்ததல்ல. ஸ்வால்பார்டிலுள்ள லாங்இயர்பியென் போன்ற ஊர்களின் கட்டடங்களும் கொஞ்சம் கசியவிடுகின்றன. விமான ஹைட்ராலிக் எண்ணெயிலும் இந்தப் பாஸ்பேட்டுகள் உண்டு.