இரைச்சலிலிருந்து ரகசியம் எடுக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஒட்டுக்கேட்பவனிடம் நம்முடையதைவிட நல்ல கருவி இருந்தாலும், எந்தக் கணினியாலும் உடைக்க முடியாத ரகசியத் திறவுகோலை (செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் 0, 1களின் வரிசையை) இருவர் உருவாக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். முதலில் படித்தபோது நானும் நம்பவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

முழுமையான ரகசியத்துக்குச் செய்தியின் அளவுக்குக் குறையாத திறவுகோல் வேண்டும் என்று 1949இல் கணிதவியலர் க்ளாட் ஷானன் நிறுவினார். மறைசெய்தி, அதாவது பூட்டிய செய்தி, ஒட்டுக்கேட்பவனுக்குப் பிசகில்லாமல் கிடைக்கிறது என்பது அவருடைய எடுகோள். 1975இல் ஆரன் வைனர் அந்த எடுகோளில் கைவைத்தார். ஒட்டுக்கேட்பவனின் தடத்தில் இரைச்சல், அதாவது வழியில் சேரும் பிழை, கூடுதலாக இருந்தால், திறவுகோலே இல்லாமல் ரகசியம் அனுப்பலாம் என்று காட்டினார். ஆனால் நீங்கள் கேட்பது அவனுக்கு இரைச்சல் குறைவாக இருக்கும் நிலையைப் பற்றி. அதற்கு வழி சொன்னவர் ஊலி மௌரர், 1993இல்.

ஒரு செயற்கைக்கோள் கண்டபடி 0, 1 என்று பிட்டுகளை ஒலிபரப்புகிறது. மலருக்கும் குமரனுக்கும் தலா 20 சதவீதம் பிழையாக வந்து சேர்கின்றன. ஒட்டுக்கேட்பவனுக்கு 10 சதவீதம்தான். மலரிடம் உள்ள பிட்டை ஊகித்தால் குமரன் 32 சதவீதம் தவறுவான், ஒட்டுக்கேட்பவன் 26 சதவீதம். அவன் கைதான் ஓங்கியிருக்கிறது.

இப்போது மலர் ஒரு ரகசிய பிட்டை மனதில் வைத்துக்கொள்கிறாள். அது 1 என்றால் தன்னிடமுள்ள ஐந்து பிட்டுகளையும் தலைகீழாக்கி, 0 என்றால் அப்படியே, எல்லோரும் கேட்க அறிவிக்கிறாள். குமரன் தன் ஐந்தோடு ஒப்பிடுகிறான். ஐந்தும் ஒத்துப்போனாலோ ஐந்தும் நேரெதிராக இருந்தாலோ மட்டும் "வைத்துக்கொள்" என்கிறான் (ஒத்தால் ரகசிய பிட் 0, எதிரானால் 1 என்று எடுத்துக்கொள்கிறான்), மற்றதெல்லாம் குப்பை. நூற்றுக்குச் சுமார் 15 தொகுதிகளே தேறும். தேறியவற்றில் குமரனின் பிழை 2.3 சதவீதம். ஒட்டுக்கேட்பவன் பெரும்பான்மை பார்த்து ஊகித்தாலும் அவனுக்கு 3.6 சதவீதம். கை மாறிவிட்டது!

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவு செய்பவன் குமரன். தனக்குத் தெளிவாக இருக்கும் தொகுதிகளை அவன் பொறுக்கிக்கொள்கிறான். ஒட்டுக்கேட்பவனுக்கு அந்த உரிமை இல்லை. அவனுக்குத் தெளிவாகக் கேட்டவையும் குப்பைக்குப் போகின்றன. இதைவிட அழகான ஒரு வாதத்தை நான் இந்தத் துறையில் பார்த்ததில்லை.

மிச்சப் பிழைகளை இருவரும் வெளிப்படையாகவே பேசித் திருத்திக்கொள்ளலாம். பிறகு நீண்ட பிட் வரிசையைப் பிசைந்து குட்டையாக்கினால், ஒட்டுக்கேட்பவனுக்குத் தெரிந்த கொஞ்சமும் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகிவிடும். இந்தக் கடைசிப் படியை பென்னட், பிரசார்ட், ராபர்ட் மூவரும் 1988இலேயே விவரித்திருந்தார்கள்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. பொதுவில் பேசுவது உண்மையிலேயே மலரும் குமரனும்தான் என்று உறுதியாக வேண்டும். இரண்டாவதுதான் என்னை உறுத்துவது: ஒட்டுக்கேட்பவனின் அந்த 10 சதவீதப் பிழைக்கு யார் பொறுப்பு? அவன் பெரிய ஆன்டெனா வைத்துச் செயற்கைக்கோளைப் பிழையே இல்லாமல் கேட்டுவிட்டால், ஒரு பிட் ரகசியம்கூட மிஞ்சாது. குவாண்டம் திறவுகோல் பரிமாற்றம் இந்த இடத்தில்தான் மேலே நிற்கிறது. 1984இல் பென்னட்டும் பிரசார்டும் முன்வைத்த அந்த முறையில் ஒட்டுக்கேட்பதே பிழைகளை உண்டாக்கும். அவற்றை எண்ணிப் பார்த்தே, அவனுக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று இருவரும் கணக்கிட்டுவிடலாம்.