'டைமய' என்றால் என்ன விலை?

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். நானும் நண்பனும் கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் சின்னதாக ஒரு கேம் செய்து வெளியிட்டோம். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை சாவி தேடிப் போவதுதான் ஆட்டம். போன மாதம் யாரோ எங்கள் நிரலைப் பிரித்து, தரையின் ஆத்தங்குடிக் கல்லின் நிறத்தை மாற்றி, நடு முற்றமான வளவில் மழை பெய்யவைத்து மோடாக, அதாவது மாற்றிய பதிப்பாக, இலவசமாகப் போட்டிருக்கிறார். இரண்டு வருட உழைப்பு ஐயா. அடுத்த பதிப்பில் யாராலும் படிக்க முடியாதபடி நிரலைக் குழப்பிவிடலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காரைக்குடியில் என் பெரியப்பா கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருந்தார். பள்ளி லீவில் சீட்டு ஒட்டுவது என் வேலை. விற்கும் விலைக்குக் கீழே பென்சிலால் 'டைமய' என்று எழுதியிருக்கும். 'கொப்புடையம்மன்துணை' என்பதில் எழுத்து பத்து. கொ ஒன்று, ப் இரண்டு, இப்படியே போய் ணை பூஜ்யம். டைமய என்றால் கொள்முதல் 475. எதுவரை இறங்கலாம் என்பது கடைப் பையனுக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களே, அந்தக் குழூஉக்குறிதான்.

வருடக்கணக்காக எங்களிடமே சேலை எடுத்த ஓர் ஆச்சி ஒருநாள் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நானூத்தி எழுபத்தஞ்சுக்கு வாங்கிட்டு எண்ணூறு சொல்றியே" என்றார். பெரியப்பா சிரித்துவிட்டு அவருக்குக் காபி வாங்கிவரச் சொன்னார்.

உங்கள் நண்பர் சொல்வதும் இதுதான். நிரலில் கதவைத் திறக்கும் பகுதிக்கு இருக்கும் 'கதவைத்திற' என்ற பெயரை வெறும் 'அ' ஆக்கலாம். ஆனால் கதவு திறந்தாக வேண்டுமே! ஓட்டிப் பார்க்கிறவர் எது 'அ' என்று கண்டுபிடித்துப் பெயர் எழுதிக்கொள்வார். மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா பதிப்பில் மோட் செய்கிறவர்கள் பல வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தார்கள். புதுப் பதிப்பு வந்தால் பெயர்கள் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து. 2019இல் அதைச் செய்த மோஜாங் நிறுவனமே பெயர்ப் பட்டியலைக் கொடுத்தது. 2025 அக்டோபரில், இனி மறைக்கவே போவதில்லை என்று அறிவித்தது.

யூனிட்டியில் உங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ஸ்டார்ட், அப்டேட் போன்ற நிரல் பகுதிகளை யூனிட்டி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. காட்சியில் சேமித்த மதிப்புகளும் அவற்றை வைத்திருக்கும் மாறியின் பெயரோடு கட்டப்பட்டவை. கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை மாற்றினால் சாவி இருக்கும் இடமே காலியாகும். ஆட்டம் பாதியில் நின்றுபோனதாக யாராவது பிழை அறிக்கை அனுப்பினால் அதிலும் 'அ', 'ஆ' தான் வரும். பழைய பெயர்ப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தால் பிழைத்தீர்கள். நிரலை சி++ ஆக மாற்றிக் கட்டும் யூனிட்டியின் ஐஎல்டுசிபிபி (IL2CPP) முறைக்கு மாறினால் படிப்பது கடினமாகும், வேகமும் கூடலாம். ஆனால் அங்கேயும் பெயர்கள் தனிக் கோப்பில் உட்கார்ந்திருக்கின்றன, எடுத்துத் தரும் கருவிகளும் இருக்கின்றன.

மறைத்தே ஆக வேண்டியது சர்வர் கடவுச்சொல், ஆன்லைன் மதிப்பெண் பட்டியலின் சரிபார்ப்பு போன்றவை. அவை ஆடுகிறவரின் கணினிக்குப் போகவே கூடாது. அப்படி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கேமை அப்படியே எடுத்து விற்றிருந்தால் வேறு பேச்சு. மோட் செய்த இவர் விற்கவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற பிரபல கேமே 1999இல் ஹாஃப் லைஃப் என்ற கேமுக்கு இருவர் செய்த மோடாகத்தான் தொடங்கியது. செய்த இருவரையும் ஹாஃப் லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கோபிக்கவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டது. உங்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

இரண்டையும் நேற்று ஆடிப் பார்த்தேன். அவருடைய கல்லின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, பச்சை கண்ணைக் குத்துகிறது. ஆனால் திறந்த வளவில் மழை விழுந்து, தாழ்வாரத்துத் தகரத்தில் சடசடவென்று கேட்கிறதே, உங்கள் கேமில் அது இல்லை. எழுதும்போது அந்தச் சத்தத்தை எந்த ஊரில் பதிவு செய்தார் என்று எனக்காகவும் கேளுங்கள்.