நாள்பட்ட தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலிக்கு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசித்துளை வழியாகச் செய்யும் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

மாதக்கணக்கில் நீடிக்கும் முழங்கை, குதிகால் வலியில் பெரும்பாலும் அழற்சியைவிடச் சிதைவுதான் அதிகம். தசைநாணில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கு குலைந்து, பாதி ஆறிய புண் மாதிரி நின்றுவிடுகின்றன. அல்ட்ராசவுண்டில் அந்த இடம் கறுத்துத் தெரியும். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய குழல்முனையைச் செலுத்துவார்கள். அது அதிவேகமாக அதிர்ந்து கெட்ட திசுவை உடைக்கும். உப்புநீர் அதைக் கழுவி வெளியேற்றும். (படம் காட்டும் அலை வேறு, உடைக்கும் அதிர்வு வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். ஆனால் தசைநாண் தேற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். படிப்படியாகப் பளு கூட்டும் உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்க்காமல் நேராக இதற்குப் போவது எனக்கு உடன்பாடில்லை. முழுதாக அறுந்த தசைநாணுக்கு இது உதவாது.