பப்ல வெதுவெதுன்னு பீர் குடுத்தா கெட்டுப்போனதா?

நண்பா, இங்கிலாந்து லீட்ஸ்ல ஒரு பப்ல பிட்டர் (லேசா கசக்குற இங்கிலீஷ் பீர் வகை) கேட்டா ஜில்லுனே இல்லாம, கேஸும் இல்லாம குடுத்துட்டாங்க, கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தீங்க. கெடல. அது காஸ்க் ஏல், பீப்பாய்க்குள்ளயே நொதிச்சுக்கிட்டு இருக்கும், நிலவறைல 11-13 டிகிரில வச்சு கைப்பம்புல இழுத்து ஊத்துவாங்க, தனியா கேஸ் ஏத்த மாட்டாங்க, அதான் அப்படி. வினிகர் மாதிரி புளிச்சா மட்டும் கவுன்டர்ல சொல்லுங்க, பெரும்பாலும் மாத்தித் தருவாங்க.

ஜில்லுனு வேணும்னா லாகர் (குளிர வச்சு, கேஸோட குடுக்குற பீர் வகை) கேளுங்க. விளம்பரத்த நம்பி வாங்காதீங்க, ஃபாஸ்டர்ஸ் லாகர் விளம்பரத்துல 1980கள்ல ஆஸ்திரேலிய காமெடி நடிகர் பால் ஹோகன் வந்து காமெடி பண்ணினாரு, ஆனா இங்கிலாந்துல விக்கிறத காய்ச்சுறதே மான்செஸ்டர்ல! கார்ல்ஸ்பெர்க்னு இன்னொரு லாகர் அதுக்கும் மேல, ‘அநேகமா உலகத்துலயே சிறந்த பீர்’னு பல வருஷம் சொல்லிட்டு 2019ல ‘அநேகமா சிறந்தது இல்ல’ன்னு அவங்களே விளம்பரம் போட்டாங்க (புது ரெசிபிய விக்கத்தான், வேறென்ன).