வட தாய்லாந்தின் சியாங் ராயிலிருந்து லாவோஸுக்கு பஸ், படகு என்று குறைந்த செலவில் போக முடியுமா? ஒரு பகல் போதுமா?

போகலாம். விடியற்காலையில் எழுந்துவிட்டால் லாவோஸுக்குள் நுழைய ஒரு பகல் போதும். கேள்வியைப் பார்த்தால் உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், முதுகில் ஒரு பை, ஆபீஸில் கெஞ்சி வாங்கிய எட்டோ பத்தோ நாள் லீவு, விமான டிக்கெட் விலையைப் பார்த்து வந்த ஒரு பெருமூச்சு என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் 2018 பிப்ரவரியில் போனேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. இணையத்தில் இந்த வழியைப் பற்றிக் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எழுதியவை. பஸ் கட்டணம், படகுக் கட்டணம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் செலவுக் கணக்கில் விசா என்று ஒரு வரிதான் வரும், சில சமயம் அதுவும் வராது. நம் பாஸ்போர்ட்டுக்கு அந்த ஒரு வரிதான் கதையே. எனக்கு அது எல்லைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது.

சியாங் ராய் நகருக்குள் இருக்கும் பழைய பஸ் நிலையத்திலிருந்து எல்லை ஊரான சியாங் கோங் போகும் முதல் பஸ் அப்போது காலை ஆறு மணிக்கு. சிவப்பு பஸ், ஏசி கிடையாது, கூரையில் மின்விசிறி, அப்போது 65 பாட் (தாய்லாந்துப் பணம்). ஏறியதும் வசதியாக ஒரு சீட் காலியாக இருந்ததே என்று உட்கார்ந்தேன். நடத்துனர் அம்மா வந்து சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டார். அது பிக்குகளுக்கு ஒதுக்கிய சீட். நம் ஊர் டவுன் பஸ்ஸில் மகளிர் இருக்கையில் தெரியாமல் உட்கார்ந்தவன் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தேன். இரண்டேகால் மணி நேரத்தில் பாலத்துக்குப் பிரிகிற சாலையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து டுக்டுக் 50 பாட்.

முன்பெல்லாம் சியாங் கோங் ஊரிலிருந்தே சின்னப் படகில் மேகாங் ஆற்றைக் கடந்து அக்கரையில் லாவோஸின் ஹுவாய் சாய் போய்விடலாம். 2013 டிசம்பரில் நான்காவது தாய்-லாவோ நட்புறவுப் பாலம் திறந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். பாலம் ஊரிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி. அரைக் கிலோமீட்டர்கூட நீளம் இல்லை, ஆனால் நடந்து கடக்க விடமாட்டார்கள். காசு கொடுத்து (அப்போது 20 பாட்) அவர்களுடைய பஸ்ஸில்தான் ஏற வேண்டும். தாய்லாந்தில் வண்டிகள் இடப்பக்கம், லாவோஸில் வலப்பக்கம். இடையில் ஓரிடத்தில் பஸ் குறுக்கே போய்ப் பக்கம் மாறும். எல்லோரும் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தாய்லாந்து விசாவைச் சென்னையிலேயே வாங்கியிருந்தேன், ஒருமுறை நுழைவதற்கானது. அதன் மேல் பாங்காக்கில் இறங்கியபோதே 'பயன்படுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டோ பாங்காக்கிலிருந்து. அதாவது நான் தாய்லாந்துக்குள் மறுபடி நுழைய வேண்டும், நுழைய விசா இல்லை! எத்தனை இரவுகள் உட்கார்ந்து அஞ்சு பாட், பத்து பாட் என்று கணக்குப் போட்டிருப்பேன். இது கண்ணில் படவே இல்லை. வெளியேறும் முன் 1,000 பாட் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தால் அதே விசாவில் திரும்பியிருக்கலாம் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கடைசியில் லாவோஸின் லுவாங் பிரபாங் நகரிலிருந்து விமானத்தில் பாங்காக் வந்து, விமான நிலையத்திலேயே தரும் வருகை விசா வரிசையில் நின்று, 2,000 பாட் கட்டினேன். கையில் 10,000 பாட் காட்டச் சொன்னால் காட்டுவதற்காகக் கடைசி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

(இதெல்லாம் பழைய கதை, இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம் என்று அறிவித்தார்களே என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். 2024 ஜூலையில் 60 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பிவிட்டுப் போக வேண்டும். இந்த விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் முன்னால் ஒருமுறை, போகும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.)

சரி, லாவோஸ் பக்கம். அங்கேயே விசா தருகிறார்கள். ஒரு போட்டோ, ஒரு படிவம், டாலர். இந்தியர்களுக்கு அப்போது 40 டாலர். எனக்கு முன்னால் நின்ற டச்சுப் பெண்ணுக்கு 35. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு இருபது டாலர் நோட்டு நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தள்ளினார். ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல், நகக்கண் அளவுகூட இருக்காது. அந்தப் பக்கத்து நாடுகளில் கிழிந்த, கிறுக்கிய, கசங்கிய டாலரை யாரும் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் சென்னையில் பணம் மாற்றும்போதே நல்ல நோட்டாகக் கொடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். "எல்லாம் ஃப்ரெஷ் நோட்டு சார்" என்றார் கடைக்காரர். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. எண்ணிப் பார்க்காமல், விரித்துப் பார்க்காமல் உறையைப் பைக்குள் வைத்தது என் தப்பு.

டாலருக்குப் பதில் தாய்லாந்து பாட் கொடுத்தும் கட்டலாம், ஆனால் அவர்கள் சொல்லும் கணக்கில் கட்ட வேண்டும், அது அதிகம். மணி ஒன்பதரை. படகு பதினொன்றுக்கு. அந்த டச்சுப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பர்ஸிலிருந்து ஒரு இருபது டாலர் எடுத்துக் கொடுத்தாள். பதிலுக்கு நான் பாட் கொடுத்தேன். மீதிச் சில்லறையைத் திருப்பித் தர வந்தவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கஞ்சன் என்று என் நண்பர்கள் என்னைச் சொல்வதற்கு இதை ஒரு மறுப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஹுவாய் சாய் படகுத்துறைக்கு டுக்டுக் 100 பாட், லுவாங் பிரபாங் வரை இரண்டு நாள் படகுக்கு 210,000 கிப் (லாவோஸ் பணம்). அன்றைக்கு ஒரு டாலருக்கு 8,300 சொச்சம் கிப். இன்று அது 20,000ஐத் தாண்டிவிட்டது, அதனால் கிப் தொகை எதையும் நம்பாதீர்கள், நான் எழுதியதையும் சேர்த்து. கடைசி ஆளாக ஏறினேன். நீளமான மரப்படகு, உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிய சீட்டுகள். முன்னால் எல்லாம் நிரம்பிவிட்டது. எனக்குக் கிடைத்தது பின்பக்கம், இன்ஜினுக்குப் பக்கத்தில். ஆறு மணி நேரம். இரவு தங்கும் ஊரான பாக்பெங்கில் இறங்கியபோது அறை வாடகை எவ்வளவு என்று கேட்டு அவர்கள் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். நல்லவேளையாக அங்கே ஒரு இந்திய உணவகம் இருந்தது. சூடாகப் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்ட பிறகுதான் காது திறந்தது. மறுநாள் சீக்கிரம் எழுந்து முன்சீட் பிடித்தேன். ஆறும் மலையும் எப்படி இருந்தன என்று எழுத எனக்குத் திறமை போதாது. வேகப்படகும் உண்டு, ஒரே நாளில் போய்விடும், ஹெல்மெட் மாட்டி உட்கார வைப்பார்கள். விபத்துகள் நடந்திருக்கின்றன. மிச்சமாகும் ஒரு நாளுக்காக அதில் ஏறாதீர்கள்.

கணக்கு: முதல் நாள் தரைவழிச் செலவு 235 பாட், அன்றைய மதிப்பில் ஐந்நூறு ரூபாய்க்குள். படகு ஆயிரத்து அறுநூறு ரூபாய் சொச்சம். லாவோஸ் விசா இரண்டாயிரத்து அறுநூறு. திரும்ப நுழைந்த விசா நாலாயிரம். சியாங் மாயில் ஏஜென்ட்டிடம் மொத்தமாக டிக்கெட் வாங்கியவர்கள் என்னைவிடச் சில நூறு பாட் அதிகம் கொடுத்திருந்தார்கள். தனித்தனியாக வாங்கி மிச்சம் பிடித்தேன் என்று படகில் அவர்களிடம் பெருமை பேசினேன். திரும்பும் விசாவை நினைத்து அப்போதே வயிறு கலங்கிக்கொண்டுதான் இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாத பையன் தாய்லாந்து போய்வந்தேன் என்று சொன்னால் நம் ஊரில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள், அது எந்த விசாவைவிடவும் எரிச்சல். எங்கள் சித்தப்பா உட்பட. படகில் இரண்டு நாள் போனேன், இன்ஜின் சத்தத்தில் காது அடைத்துப்போனது என்று சொன்னால், "சரிசரி, படகு" என்கிறார். அவர் பேக்கேஜ் டூரில் பட்டாயா போய்வந்தபோது எங்களுக்கெல்லாம் கொண்டுவந்தது காய்ந்த மாம்பழம் மட்டும். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கிழிந்த நோட்டை ஊருக்கு வந்ததும் அதே கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதை எங்க சார் வாங்குனீங்க? இந்த மாதிரி கிழிஞ்சதெல்லாம் நாங்க எடுக்கிறதில்ல" என்றார்.