டேனிகோமோ ட்ரவுட்: வசந்தகாலக் கேள்வி-பதில்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள டேனிகோமோ ஏரியில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது பற்றி, ஸ்பிரிங் பிரேக் (வசந்தகால விடுமுறை) நெருங்கினால் கடிதங்கள் குவிந்துவிடும். பாதிப் பேர் ஏரிக்கரை ஊரான பிரான்சனில் ரூம் போட்டு, விளையாட்டுப் பூங்காவுக்கு டிக்கெட் எடுத்து, கடைசியில்தான் ஏரியைப் பற்றி யோசிக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை நண்பர்களோடு வருகிறோம். மீன் கிடைக்குமா? (செயின்ட் லூயிஸ்)

தேதி சொன்னீர்கள். படகிலா, கரையிலா, தண்ணீரில் இறங்கி நின்றா என்று சொல்லவில்லை. அணைக்கு அடியிலா, பிரான்சன் ஊர்ப்பக்கமா என்றும் இல்லை. இதற்கு ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

டேனிகோமோவில் நாள் பார்த்துப் பிரயோஜனமில்லை. மேலே டேபிள் ராக் அணையில் எத்தனை டர்பைன் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. மொத்தம் நான்கு. ஒன்று ஓடினால் வினாடிக்குச் சுமார் 4,000 கன அடி, நான்கும் ஓடினால் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் நீர் திறப்புச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கன அடியை நான் விளக்க வேண்டாம். ஒன்றும் ஓடாதபோது அசையாத ஏரி. இரண்டு ஓடினாலே முழு ஆறு. காலையில் பலித்த தூண்டில் மாலையில் பலிக்காமல் போவது இதனால்தான். மறுநாள் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்ற அட்டவணையை, அணை மின்சாரத்தை விற்கும் சவுத்வெஸ்டர்ன் பவர் அட்மினிஸ்ட்ரேஷன் முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். அது உத்தரவாதம் அல்ல. மின்தேவை கூடினால் அட்டவணையை மீறியும் திறப்பார்கள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் தூண்டில்.

ஏப்ரலில் வெயில் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகிறதே, ஷார்ட்ஸோடு இறங்கலாமா?

வெயில் உங்கள் தலைக்கு, காலுக்கு அல்ல. டேபிள் ராக்கின் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர் இது. வசந்தத்தில் 45 முதல் 48 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும்; மரத்த காலோடு வழுக்குப் பாறையில் நடப்பது புத்திசாலித்தனமில்லை. வேடர்ஸ் (தண்ணீர் புகாத, உயரமான கால்சட்டை) போடுங்கள், இடுப்புப் பட்டையை இறுக்குங்கள்.

பென்டன்வில்லில் இருக்கிறேன். அர்கன்சா லைசென்ஸ் இருக்கிறது. பார்டர் லேக்ஸ் பெர்மிட்டும் எடுத்துவிட்டேன். போதும்தானே?

போதாது. அந்த பெர்மிட் டேபிள் ராக், புல் ஷோல்ஸ், நார்ஃபோர்க் ஏரிகளுக்கு. டேனிகோமோ முழுக்க மிசௌரிக்குள் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கான மிசௌரி பெர்மிட் வேண்டும் (ஒரு நாளுக்கும் கிடைக்கும்), கூடவே ட்ரவுட் பெர்மிட்டும். 65-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு மேலே தூண்டில் போடும் ஒவ்வொருவருக்கும் ட்ரவுட் பெர்மிட் கட்டாயம், மீனை விட்டுவிட்டாலும் சரி. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விலை குறைவு, ஆனால் அவர்களுக்கும் உண்டு. "பையன் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான்" என்று சொன்னால் அதிகாரி சிரிப்பார், அபராதச் சீட்டும் எழுதுவார்.

தண்ணீர் திறக்கும் முன் அணையில் ஹாரன் அடிப்பார்களே. அது கேட்டதும் கரையேறினால் போதாதா?

அணைக்கு அடியில், ஹாட்சரியின் (மீன் பொரிப்பகத்தின்) தண்ணீர் வெளியேறும் பக்கம் நின்றால் கேட்கும். எதிர்க்காற்று அடித்தாலோ, கொஞ்சம் கீழே தள்ளி நின்றாலோ கேட்காமல் போகலாம். ஹாரனை நம்பி நிற்காதீர்கள். இறங்கியதும் பாதி நனைந்த கல் ஒன்றைக் கரையோரம் குறித்து வையுங்கள். அவ்வப்போது அதைத் திரும்பிப் பாருங்கள். கல் முழுகினால், அல்லது சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வர ஆரம்பித்தால், அந்த நிமிடமே கரைக்கு வாருங்கள். தூண்டிலில் மீன் இருந்தாலும் வாருங்கள். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏற அதிக நேரம் பிடிக்காது. நடு ஆற்று மேட்டில் நின்றால், உங்களுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் முதலில் ஆழமாகும்.

ஒரு வாரமாக மழை. டேபிள் ராக் 915 அடியைத் தாண்டிவிட்டதாம். பயணத்தை ரத்து செய்யலாமா?

இறங்கி நின்று பிடிப்பவர் என்றால் ரத்து செய்யலாம். படகு என்றால் வாருங்கள்.

915 என்பது வழக்கமான மட்டம். அதற்கு மேலே 931 வரை வெள்ளத்தைத் தேக்குவதற்கென்று விட்டுவைத்த இடம். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டால் டர்பைன்களை இரவு பகலாக, சில சமயம் வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். கரைக்காரர்கள் புலம்புவார்கள், மீனுக்கு அது விருந்து. புழு, முட்டை, நன்னீர் இறால் எல்லாம் அடித்துக்கொண்டு வரும். பெரிய மீன்கள் கரையோரச் சுழல்களிலும் விழுந்த மரங்களுக்குப் பின்னாலும் ஒதுங்கி நிற்கும். ஈயம் கூட்டுங்கள், இரை தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் டேபிள் ராக்கின் ஷாட் என்ற சிறு இரைமீன்கள் டர்பைன் வழியாகச் செத்தும் சாகாமலும் வந்து விழும். அப்போது வெள்ளை ஜிக், வெள்ளை ஜெர்க்பெயிட் என்ற செயற்கை இரைகள் தவிர வேறெதையும் தேட வேண்டாம்.

2008, 2011 வசந்தங்களில் நடந்ததுபோல மதகுகளையே திறந்தால் கதை வேறு. அப்போது வருவது மேல்தண்ணீர், சூடு அதிகம். அதோடு கிராப்பி, வால்ஐ (walleye) போன்ற மீன்களும் இறங்கிவிடும். வேடிக்கை பார்க்கலாம், படகு இறக்க வேண்டாம். சாதாரண ஓட்டத்திலும் நடு நீரோட்டத்தில் நங்கூரம் போடாதீர்கள். நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டினால் படகு மூழ்க நேரமே ஆகாது.

கரையிலிருந்து மாவு இரை போட்டுப் பிடிக்கிறோம். போன முறை ஐந்து பேர் சேர்ந்து ஐம்பது மீனுக்கு மேல் பிடித்து, எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டோம். இந்த வருடம் இன்னும் அதிகம் பிடிக்க எந்த மாவு நல்லது?

அந்த ஐம்பதில் குறைந்தது பதினைந்து மீன் அடுத்த சில நாளில் செத்திருக்கும்.

உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தமும் இதே கடிதம் நாலைந்து வருகிறது, எல்லாவற்றிலும் இதே பெருமிதம். மாவு இரை மணக்கும், மெத்தென்று இருக்கும். ட்ரவுட் அதை உதட்டில் வைத்துச் சோதிப்பதில்லை, விழுங்கிவிடுகிறது. தக்கை அசைவதை நீங்கள் பார்ப்பதற்குள் முள் தொண்டையில் இருக்கும். அப்புறம் குறடை விட்டுத் திருகி இழுக்கிறீர்கள். செவுள் கிழியும், இரைப்பை கிழியும். தண்ணீரில் விட்டதும் வாலை அடித்துக்கொண்டு போகும். "பார், எப்படி ஓடுது" என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது ஆழத்துக்குப் போய்ச் சாவது உங்கள் கண்ணில் படாது. இரை போட்டுப் பிடித்து விட்ட ட்ரவுட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் செத்துவிடும் என்பது மீன்வளத் துறையினருக்குப் பழைய செய்தி. ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய போலி இரை), செயற்கை இரை என்றால் 5 சதவீதத்துக்குள் அடங்கும், ஏனென்றால் போலி என்று தெரிந்ததும் மீன் துப்பப் பார்க்கும், முள் உதட்டில் மாட்டும்.

மாவு இரை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏரியில் வந்து சேரும் ஃபால் க்ரீக் ஓடைக்குக் கீழே அது சட்டப்படி சரி. ஹாட்சரிக்காரர்கள் மாதாமாதம் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து விடுவதே நீங்கள் பிடித்துச் சாப்பிடத்தான். ஆளுக்கு நான்கு எடுத்துக்கொண்டு போங்கள், வறுத்துச் சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சின்னது என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதுதான் பிரச்சினை. மாவு போட்டால் முதல் நான்கை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். இன்னும் விளையாட ஆசையா, மாவு டப்பாவை மூடிவிட்டு ஜிக் கட்டுங்கள், முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

முள்ளை விழுங்கிவிட்டதா? இழுக்காதீர்கள். வாய்க்குப் பக்கத்தில் தங்கூஸை வெட்டி விட்டுவிடுங்கள். முள் உள்ளே இருந்தாலும் அதற்குப் பிழைக்க வழி உண்டு. செவுளில் ரத்தம் வந்தால் அது உங்கள் நான்கில் ஒன்று, அளவு பார்க்காதீர்கள். (பிரவுன் ட்ரவுட் என்றால் இருபது அங்குலத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளவே கூடாது, ரத்தம் வந்தாலும் விட்டாக வேண்டும். பிரவுன் திரியும் இடத்தில் மாவு போட நான் தயங்குவது இதற்காகத்தான்.) கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள். சரளைக் கல்லில் புரட்டிப் போட்டு, ஐந்து பேரும் மாறி மாறி செல்ஃபி எடுத்துவிட்டு "ரிலீஸ் செய்துவிட்டோம்" என்று எழுதாதீர்கள்.

ஃபால் க்ரீக் முகத்துக்கு மேலே, அணை வரையுள்ள சுமார் மூன்று மைலில் மாவு, புழு, சோளம், மணமூட்டிய இரை, ரப்பர் இரை எதுவும் கூடாது. ஃப்ளையும் செயற்கை இரையும் மட்டும். அங்கே 12-க்கும் 20-க்கும் இடைப்பட்ட அங்குல ரெயின்போவை உடனே விட வேண்டும். பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழேயே மாவு டப்பாவைத் திறந்து உட்காருபவர்களுக்கும் குறைவில்லை.

எந்த மாவு நல்லது என்று கேட்டீர்கள். நான்கு மீனுக்கு எந்த மாவும் போதும்.

தண்ணீர் ஓடாத நாளில் என்ன ஃப்ளை?

ஜீப்ரா மிட்ஜ் என்ற ஃப்ளை, அளவு 16 அல்லது 18, கறுப்பு அல்லது சிவப்பு, தக்கைக்குக் கீழே. டிப்பெட் (முனையில் கட்டும் மெல்லிய நூல்) 6X. அது பலிக்கவில்லையென்றால் சாம்பல் நிற ஸ்கட் (நன்னீர் இறால் போன்ற ஃப்ளை), தரையை ஒட்டி. காற்று அடித்து மேற்பரப்பு சிலிர்த்தால் கடி கூடும். வசந்தத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பெட்டி நிறைய ஃப்ளை வாங்கிவிட்டு ஒன்றைக்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் விடாத ஆட்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

டேனிகோமோவில் ஆக்ஸிஜன் குறைவு, மீன் மூச்சுத்திணறும், கோடைக்கு முன் பிடிக்கக் கூடாது என்று படித்தேன்.

அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள். அது இலையுதிர்காலப் பிரச்சினை. கோடை முழுக்க டேபிள் ராக் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும். அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்தத் தண்ணீர்தான் டர்பைனில் வரும். குளிரில் ஏரி மேலும் கீழும் கலந்ததும் சரியாகிவிடும். வசந்தத்தில் தாராளமாக இருக்கிறது.

நாளை காலை எத்தனை யூனிட் (டர்பைன்) ஓடும்? அவசரம், உடனே சொல்லவும்.

உங்கள் "நாளை" போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் பதிலைப் படியுங்கள்.

மார்ச்சில் அணைக்கு அடியில் ரெயின்போக்கள் சரளையைக் கிளறுவதைப் பார்த்தேன். குஞ்சு பொரிக்குமா?

முட்டை இடும். தண்ணீர் ஏறி இறங்குவதால் பொரித்துப் பிழைப்பது இல்லையென்றே சொல்லலாம். இங்கே நீங்கள் பிடிப்பதெல்லாம் ஹாட்சரி மீன். இருந்தாலும் அந்தச் சரளையில் மிதிக்காமல் தள்ளி நில்லுங்கள். பின்னால் மிதந்து போகும் முட்டைக்காக மற்ற மீன்கள் வரிசையில் நிற்கும். முட்டை வடிவ ஃப்ளை அந்த இடத்துக்குத்தான்.

ஊரில் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் ட்ரவுட் உண்டாமே. இதே வித்தை அங்கே பலிக்குமா?

ட்ரவுட் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அவலாஞ்சியில் அதற்கென்று பொரிப்பகமும் கட்டினார்கள். வித்தை அப்படியே பலிக்காது. நீலகிரியில் தண்ணீரைக் குளிர்விப்பது மலையின் உயரம், 2,000 மீட்டருக்கு மேல். டேனிகோமோ கடல்மட்டத்திலிருந்து 700 அடிதான். 1913-இல் பவர்சைட் அணை கட்டியபோது உருவான இந்த ஏரி, 1958-இல் மேலே டேபிள் ராக் அணை முடியும் வரை பாஸ் மீன் வாழ்ந்த சூட்டுத் தண்ணீர். இங்கே குளிர் அணை போட்ட பிச்சை, அதனால் வெயில் ஏறினாலும் கவலையில்லை. அங்கே மார்ச் முதல் மே வரை வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும், விடியற்காலைதான் நேரம். மீன்வளத் துறை, வனத்துறை அனுமதியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2019-இல் 40 பவுண்ட் பிரவுன் ட்ரவுட் பிடித்தார்களே, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும். எங்கே நிற்க வேண்டும்?

வேலையை விட்டுவிட்டு இங்கேயே குடிவர வேண்டும்.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி வைத்த பூட்ஸ் வைத்திருக்கிறேன், நன்றாகப் பிடிக்கும். போடலாமா?

கூடாது. நுண்பாசி பரவுவதைத் தடுக்க 2012 முதல் மிசௌரி ட்ரவுட் நீர்நிலைகளில் தடை. ரப்பர் அடி, ஆணி வைத்தது வாங்குங்கள்.

ட்ரவுட்டைப் புளிக்குழம்பு வைத்தேன், கரைந்துவிட்டது. மண்வாசனை வேறு.

வஞ்சிரம் என்று நினைத்துக் கொதிக்க விட்டிருப்பீர்கள். இது மெல்லிய சதை. குழம்பு நன்றாகச் சுண்டிய பிறகு துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். மண்வாசனைக்கு உங்கள் சுத்தம் செய்யும் முறையும் காரணமாக இருக்கலாம். வயிற்றைக் கீறியதும் நடுமுள்ளை ஒட்டிக் கறுப்பாக ஓடும் ரத்தப் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும். செதில் உரிக்கத் தேவையில்லை. என்னைக் கேட்டால் குழம்பே வேண்டாம்: மஞ்சள், மிளகாய், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் தோல் மொறுமொறுவென்று வரும்வரை.