பழைய நாவலுக்கு மாற்று அட்டை வடிவமைக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நாவலை மறுபடி வாசிப்பதிலிருந்து தொடங்குங்கள். மென்பொருள் எல்லாம் அப்புறம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அம்மாவிடம் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் இருந்தன. பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை) முடிந்து வந்து மத்தியானத்தில் வாசிப்பார். அட்டைகள் எப்போதோ கிழிந்துபோக, பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் 1, 2, 3 என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஐந்துக்கும் மேலுறை செய்து கொடுக்கத்தான் இதில் இறங்கினேன்.

முகம் வரையக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோதே மணியம் வரைந்த முகங்கள் வாசகர் மனத்தில் குடியேறிவிட்டன. அதனால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு காட்சியை, ஒரு பொருளைத் தேடினேன்.

'புது வெள்ளம்' ஆடிப் பெருக்கில் தொடங்குகிறது. காவிரியை நான் பார்த்ததில்லை. ஆனால் மழை விட்டதும் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால் ஆறு எப்படி வரும் என்று தெரியும். பால் கலந்த தேநீர் நிறம், நடுவில் சருகுகளின் கறுப்புக் கோடு. அந்தத் தண்ணீரையே அட்டை முழுக்க விட்டு, மேல் ஓரத்தில் நகத்தளவு ஒரு குதிரைவீரனை வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "நம்ம ஆத்துத் தண்ணியா இது?" என்று கேட்டார்.

'மணிமகுடம்' அட்டையில் பட்டுத் திண்டின்மேல் மகுடம். 'தியாகச் சிகரம்' அட்டையில் அதே திண்டு, மகுடம் இருந்த பள்ளம் மட்டும். அந்தப் பள்ளத்தின் நிழலுக்கே இரண்டு வாரம் போனது. கதை தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறார்கள்.

பின்னட்டைகளுக்குக் கெடாவிலேயே உள்ள மெர்போக் போய், பூஜாங் பள்ளத்தாக்கு என்ற தொல்லியல் இடத்தின் பழைய செங்கற்களைப் படம் எடுத்து வந்தேன். நாவலில் வரும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டியவர்கள் இந்தக் கடாரத்தை, அதாவது பழைய கெடாவை, ஆண்ட மன்னர்கள்தானே!

உரிமை விஷயம்: கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. வேறு நாவல் என்றால், விற்கும் எண்ணம் இருந்தால் பதிப்பாளரிடம் முதலில் கேளுங்கள்.

நான் சறுக்கியது முதுகுப் பக்கத்தில், அதாவது புத்தகத்தை அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரியும் பக்கத்தில். நாவலில் ஊரே பயந்து பார்க்கும் வால்நட்சத்திரத்தை, ஐந்து புத்தகங்களையும் அடுக்கினால் ஒரே கோடாகத் தெரிகிற மாதிரி முதுகுகளில் வரைந்திருந்தேன். எல்லாம் ஒரே தடிமன் என்று நினைத்துவிட்டேன். நான்காம் பாகத்தில் 46 அத்தியாயங்கள், ஐந்தாவதில் 91. அச்சாகி வந்தபோது கடைசிப் புத்தகத்தில் வால் முன்னட்டைக்குத் திரும்பிக் கிடந்தது. 80 கிராம் தாள் என்றால் 400 பக்கத்துக்கு முதுகு சுமார் 20 மில்லிமீட்டர் வரும். ஆனால் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அம்மாவின் நாட்காட்டித் தாளோடு சேர்த்து, புத்தகத்தின் மேலேயே அடிக்கோலை வைத்து அளந்த பிறகுதான் வால் நேராக வந்தது.